கறந்த பின் மடியைத் தொட்டுப் பாருங்கள்: உதைக்கும், மிரளும், பாலை அடக்கும் மாடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பால் குறைந்தால் முதலில் கை போவது புண்ணாக்கு மூட்டைக்குத்தான். அரைக் கிலோ கூட்டிப் போடுவார்கள், இரண்டு நாள் பார்ப்பார்கள், பால் ஏறாது. பிறகு மாட்டைக் குறை சொல்வார்கள். இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, நுவரெலியா, வெலிமடைப் பக்கங்களில் லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இரண்டு மூன்று பிரீசியன், அயர்ஷயர், ஜேர்சிக் கலப்பு மாடுகளைக் கட்டி வளர்க்கும் வீடுகள் ஏராளம். அங்கே பால் குறைவதில் ஒரு பங்குக்குத் தீவனம் காரணமே இல்லை. மடியில் ஊறிய பால் வாளிக்கு வராமல் நின்றுவிடுகிறது. மாடு பயந்திருக்கும், அல்லது எங்கோ வலிக்கும், அல்லது படுக்க இடமில்லாமல் களைத்திருக்கும். எந்தக் குறை என்பதை அறிகுறி பார்த்துப் பிரித்தறிந்து, அதற்கு என்ன செய்வது என்பதைக் கீழே தருகிறோம்.

முதல் சோதனை: கறந்து முடித்ததும் மடி எப்படி இருக்கிறது?

எந்த அறிகுறியானாலும் இங்கிருந்து தொடங்குங்கள். கறந்து முடித்து, வாளியை அப்பால் வைத்துவிட்டு, மடியின் பின்பக்கத்தை உள்ளங்கையால் தாங்கிப் பாருங்கள். முழுதாகக் கறந்த மடி துவண்டு, பின்பக்கத் தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி இருக்கும்.

பால் குறைவாக வந்து, மடியும் துவண்டிருந்தால் பால் உண்டாகவே இல்லை. தீனி, தண்ணீர், நோய், குளிர், படுக்கை என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். பால் குறைவாக வந்திருக்க, மடி இன்னும் கனத்துத் தோல் இறுகியிருந்தால் பால் உள்ளேதான் இருக்கிறது. மாடு சுரப்பு விடவில்லை. அப்போது தேட வேண்டியவை பயம், வலி, அவசரம் என்ற மூன்றும். மடியில் ஒரு காம்புக்குரிய கால் பங்கு மட்டும் இறுகி, சூடாகி, தொட்டால் மாடு விலகினால் அது மடிநோயாக இருக்கக்கூடும். அதற்கு மாட்டின் குணத்தில் காரணம் தேடி நாளைக் கடத்த வேண்டாம், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கறக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் மூன்று நான்கு பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கோப்பையில் விட்டுப் பார்ப்பது எப்போதும் நல்லது. திரியோ, தண்ணீர்ப் பாலோ, இரத்தமோ தெரிந்தால் மடிநோய்ப் பக்கம் போங்கள். ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 38 முதல் 39.3 பாகை செல்சியஸ் வரை சாதாரணம். அதற்கு மேல் காய்ச்சல்.

பால் நிலையத்துச் சிட்டையில் இருப்பது எல்லா மாட்டுப் பாலும் சேர்ந்த கணக்கு. அதை வைத்து எந்த மாட்டில் பிழை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியாக அளந்து, காலை எவ்வளவு, மாலை எவ்வளவு, கறந்தது யார் என்று பட்டிச் சுவரில் கரிக்கட்டியால் எழுதினாலும் போதும். இந்த மூன்றாவது விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாதிக் குறைகள் அதிலிருந்துதான் வெளிச்சத்துக்கு வரும்.

பால் உள்ளே நின்றுபோவது எப்படி

மடியிலுள்ள பாலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் காம்புக்கு மேலேயுள்ள அறையில் தயாராக இருக்கும். மிச்சமெல்லாம் மேலே நுண்ணிய பால்பைகளுக்குள் அடைந்திருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் அது தானாகக் கீழே வராது. காம்பைக் கழுவித் தேய்க்கும்போது அந்த உணர்வு மூளைக்குப் போகிறது. மூளையின் அடியிலுள்ள சுரப்பி ஒட்சிட்டோசின் என்ற ஹோர்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது மடிக்கு வந்து, பால்பைகளைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்கிப் பாலைக் கீழே தள்ளுகிறது. கை வைத்ததிலிருந்து இதற்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகும். அதன் வேகம் ஐந்து முதல் எட்டு நிமிடத்துக்குள் தணிந்துவிடும்.

மிரண்ட மாட்டின் உடலில், பயத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹோர்மோன் ஏறும். அது மடிக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், ஒட்சிட்டோசின் செய்ய வேண்டிய வேலையையும் தடுக்கும். இருபது முப்பது நிமிடத்துக்கு இது நீடிக்கும். 1941இல் ஈலி, பீட்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். கறவைப் பசுவின் முதுகில் பூனையை விட்டும், பக்கத்தில் காகிதப் பைகளை ஊதி வெடித்தும் மிரளவைத்தபோது பால் இறங்குவது தடைப்பட்டது. அட்ரினலின் ஊசி போட்டபோதும் அதே விளைவுதான். முற்றிலும் புதிய இடத்தில் நிற்கும் மாட்டில் கோளாறு இன்னும் மேலே தொடங்கும். அங்கே மூளையே ஒட்சிட்டோசினை விடாமல் வைத்துக்கொள்ளும்.

ஒரு வேளை அடக்கிய பால் அடுத்த வேளை வந்துவிடலாம். நாட்கணக்கில் தொடர்ந்தால் அப்படி வராது. தேங்கி நிற்கும் பாலே பால் உண்டாக்கும் கலங்களின் வேலையைத் தாமதப்படுத்தும். பிறகு அந்தக் கலங்களே குறையத் தொடங்கும். கன்று ஈன்று நான்கைந்து மாதத்தில் வற்றிவிட்டது என்று சொல்லப்படும் மாடுகளில் பலவற்றின் கதை இதுதான். மடிநோய் கிருமிகளுக்கும் தேங்கிய பால் வசதி.

அறிகுறி: காம்பில் கை வைத்ததும் உதைக்கிறது

உதைக்கும் மாட்டை அடக்குவதற்கு முன், வலியில் உதைக்கிறதா பயத்தில் உதைக்கிறதா என்று பாருங்கள். வலியென்றால் உதை குறிப்பிட்ட ஒரு காம்பைத் தொடும்போது மட்டும் வரும், சட்டென்று வரும், கையை எடுத்ததும் அடங்கும். பயமென்றால் நீங்கள் பக்கத்தில் வரும்போதே தொடங்கிவிடும். காது பின்னால் மடியும், கண்ணின் வெள்ளை தெரியும், பின்காலை மாற்றி மாற்றி வைக்கும், வாலை இறுக்கி ஒட்டிக்கொள்ளும், நின்ற இடத்தில் சாணம் தளர்வாகப் போடும்.

வலியென்றால் டோர்ச் அடித்து ஒவ்வொரு காம்பையும் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும் காலத்தில் காம்புத் தோல் வெடிப்பது மேற்குச் சரிவுத் தோட்டங்களில் சாதாரணம். கழுவிய காம்பைத் துடைக்காமல் ஈரத்தோடு காற்றில் விடுவதுதான் அதற்கு முக்கிய காரணம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள், சுத்தமான உலர்ந்த துணியால் ஒற்றித் துடைத்துவிட்டுக் கறவுங்கள். கறந்து முடித்ததும் கிளிசரின் கலந்த காம்பு மருந்தில் தோய்த்து விடுங்கள். கொழுந்து பறித்துக் காய்த்த விரல்களும் நீண்ட நகமும் வெடித்த காம்பில் கத்தி போல் படும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காம்பில் அட்டை கடித்த புண்ணும், காலிடுக்கில் அட்டையும் இருக்கின்றனவா என்று மழைநாளில் தவறாமல் பாருங்கள்.

அடுத்தது கறக்கும் முறை. கட்டை விரலை மடக்கி, அதன் கணுவால் காம்பை நெரித்துக் கறப்பது மலையகத்தில் நிறையப் பேருக்குச் சிறு வயதிலிருந்தே வந்த பழக்கம். ஒரு பக்கமாக நெரிபடும் காம்பு உள்ளே காயப்பட்டுத் தடித்துப்போகும், மாடும் ஒவ்வொரு பீச்சலுக்கும் துடிக்கும். முழுக் கையால் கறக்க வேண்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேல்பக்கத்தை வளையம் போட்டு அடைக்கும். பிறகு நடுவிரல், மோதிர விரல், சின்ன விரல் என்று மேலிருந்து கீழாக வரிசையாக இறுகும். அடைத்த பால் கீழே போக மட்டுமே வழி இருக்கும். கையைக் கீழ்நோக்கி இழுக்கவே தேவையில்லை. விரல்களைத் தளர்த்தியதும் காம்பு மீண்டும் நிரம்பும். இரு விரலால் வழித்துக் கறப்பதைக் காம்பு மிகக் குட்டையாக உள்ள மாட்டுக்கும், கடைசிப் பாலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பயத்தால் உதைக்கும் மாட்டுக்குச் சிகிச்சை நாட்கணக்கில் நடக்கும். மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றியுள்ளதெல்லாம் தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து வந்து மடியில் கை வைத்தால் எந்த மாடும் உதைக்கும். தோள்பக்கமிருந்து, குரல் கொடுத்துக்கொண்டே வாருங்கள். கையைத் தோளில் வைத்து, எடுக்காமல் முதுகு, விலா, தொடை என்று தடவிக்கொண்டே மடிக்குப் போங்கள். தொடையில் கை பட்டதும் காலைத் தூக்கினால் அங்கேயே கையை நிறுத்தி வையுங்கள், கால் கீழே வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். தூக்கும்போதே கையை எடுத்துவிட்டால், உதைத்தால் இவர்கள் போய்விடுவார்கள் என்று மாடு கற்றுக்கொள்ளும்.

அடிக்கவும் கூடாது, கத்தவும் கூடாது. மாடு நம்மைவிடக் கூர்மையாகக் கேட்கும். கத்தலை அது அடிக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும். பட்டிக்குள் ஒருவரை ஒருவர் உரக்கத் திட்டினாலும் விளைவு அதேதான். காலைக் கட்டியே தீர வேண்டுமென்றால், பின்னங்கால் இரண்டையும் மூட்டுக்கு மேலே மெல்லிய பருத்திக் கயிற்றால் எட்டு வடிவில், ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். நைலோன் கயிறு வேண்டாம், அது தோலை அறுக்கும். ஒருமுறை கட்டினோம் என்பதற்காக ஆண்டு முழுவதும் கட்ட வேண்டியதில்லை. புண் ஆறியதும் கயிறில்லாமல் கறந்து பாருங்கள்.

அறிகுறி: முதலில் கொஞ்சம் வருகிறது, நடுவில் நின்றுவிடுகிறது

அவசரத்தில் கறப்பதன் அடையாளம் இது. பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்துக்கு, நேரமாகிறது, பால் வண்டியும் வந்துவிடும் என்ற நிலையில் காம்பைத் தண்ணீரால் ஒரு வீச்சு வீசிவிட்டு உடனே கறக்கத் தொடங்குவார்கள். அறையிலிருந்த பால் வந்துவிடும், பிறகு நிற்கும். அந்த இடைவெளியில் காம்பை இழுத்து மடியை இடிப்பார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் ஒட்சிட்டோசின் வந்துகொண்டிருக்கும், இடித்த வலியில் மாடு அதற்கும் ஒத்துழைக்காது.

இப்படிச் செய்யுங்கள். மாட்டின் முன்னால் தீனியை வையுங்கள். நான்கு காம்பையும் கழுவித் துடைத்து, முதல் பீச்சல்களைக் கோப்பையில் விடுங்கள். இதற்கு இருபது முப்பது விநாடி போகும். பிறகு வாளியைக் கழுவி வைப்பது, முக்காலியை இழுத்துப் போடுவது போன்ற சின்ன வேலைகளை முடியுங்கள். முதல் தொடுதலிலிருந்து ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் காம்புகள் தடித்துப் பளபளப்பாகும். அப்போது உட்கார்ந்து, நிறுத்தாமல் ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். நடுவில் தொலைபேசி அடித்தாலும் எழும்ப வேண்டாம். மாடு ஒன்றைக் கறக்கும்போதே அடுத்த மாட்டையும் கழுவி வைப்பது தவறு. அதன் நேரம் வீணாகப் போய்விடும்.

கறக்கும்போதே ஏதோ ஒன்றுக்கு மிரண்டு பால் நின்றுவிட்டால், விடாமல் இழுத்துக்கொண்டிருப்பதில் பலனில்லை. மாட்டை விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து, கழுவுவதிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள். காலையில் அதற்கு நேரமில்லையென்றால் மாலைக் கறவையை ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அளவு பரவாயில்லை, நிலையத்தில் கொழுப்பு குறைவு என்கிறார்கள்

முதலில் வரும் பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஒன்று இரண்டு மட்டுமே. கடைசிப் பாலில் அது ஐந்து முதல் பத்து வரை போகும். மாடு பாதியில் அடக்கிக்கொண்டால் உள்ளே தங்குவது அந்தக் கொழுத்த பால்தான். விலையோ கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் பார்த்துப் போடப்படுகிறது. ஆகவே கொழுப்புக் குறைந்தால், புல் குறைந்து தவிடு கூடிவிட்டதா என்று பார்ப்பதோடு, கறந்த பின் மடி துவள்கிறதா என்றும் பாருங்கள். கன்றுக்கென்று விடும் பாலைக் கடைசியில் விடுகிறீர்களா என்பதும் கணக்கில் சேரும். கடைசிப் பாலைக் கன்று குடித்தால் கொழுப்பு அதன் வயிற்றில்தான். இது பிழையில்லை. ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

அறிகுறி: அம்மா கறந்தால் நாலு லீற்றர், மகன் கறந்தால் இரண்டரை

சுவரில் கறந்தவர் பெயரையும் எழுதியிருந்தால் இது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். மாடுகள் ஆட்களை முகம், உடை, குரல் எல்லாம் கொண்டு பிரித்தறிகின்றன. ஊசி போட்டவரையும், கயிறு பிடித்து இழுத்தவரையும் மறப்பதில்லை. பால் கறப்பவரே ஊசிக்கும் கொம்பு சுடுவதற்கும் மாட்டைப் பிடித்துக் கொடுப்பதைத் தவிர்க்க முடியுமானால் தவிருங்கள். முடிந்தால் அந்த வேலையைக் கறக்கும் இடத்தில் செய்யாமல் வேறிடத்தில் செய்யுங்கள்.

ஆள் மாற வேண்டி வந்தால், வீட்டில் ஒருவர் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார் என்றால், அதற்கு ஒரு வாரம் முன்பே புதியவர் தீனி வைக்கத் தொடங்கட்டும். பிறகு பழையவர் கறக்கும்போது பக்கத்தில் நின்று தடவிக் கொடுக்கட்டும். பிறகு இரண்டு காம்பு ஒருவர், இரண்டு காம்பு மற்றவர். பிறகு முழுவதும். புதியவர் அதே பக்கத்தில் உட்கார்ந்து, அதே வாளியில் கறக்கட்டும். பழையவரின் சேலையையோ சாறத்தையோ கட்டிக்கொண்டு கறக்கும் பழைய வழக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது. வாசனை பழகியது.

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 516 பால் பண்ணையாளர்களைக் கேட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பண்ணைகளில் ஆண்டுக்கு ஒரு மாட்டுக்கு 258 லீற்றர் அதிகம் என்று கண்டார்கள். பெயரே பாலைக் கொண்டுவராது. ஆனால் லெட்சுமி, செவலை என்று ஒவ்வொன்றையும் தனியாகக் கூப்பிடுபவர் அதன் மடியையும் நடையையும் தனித்தனியாகக் கவனிப்பவராகவும் இருப்பார்.

அறிகுறி: ஒரே நாளில் எல்லா மாட்டிலும் குறைந்துவிட்டது

ஒரு மாட்டில் குறைந்தால் அந்த மாட்டைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒன்றாகக் குறைந்தால் பட்டியையும் முந்தின இரவையும் பாருங்கள்.

முதலில் தண்ணீர். பீலியில் தண்ணீர் நின்றுபோய், யாரும் கவனிக்காமல் ஒரு மாலை போயிருந்தால் மறுநாள் பால் விழும். பத்து லீற்றர் கறக்கும் மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது லீற்றர் தேவை. மூன்று வாளி போதாது.

தண்ணீர் சரியென்றால் சத்தமும் விலங்கும். தீபாவளி வெடி, கோயில் திருவிழா ஒலிபெருக்கி, லயத்து நாய்களின் சண்டை எல்லாம் இரவு முழுவதும் மாட்டை நிற்கவைக்கும். மாட்டுப் பொங்கலிலும் இது நடக்கிறது. ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் உறைபனி விழும் நேரத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டி, ஆட்கள் சூழ்ந்து நின்று கொம்புக்குச் சாயம் பூசினால், அன்று மாலைப் பால் குறையும். மரியாதையை விட வேண்டாம். குளிப்பாட்டுவதை வெயில் ஏறிய பிறகு வைத்து, உடனே வைக்கோலால் தேய்த்து உலர்த்துங்கள். காலைக் கறவையை எல்லாவற்றுக்கும் முன் முடியுங்கள்.

சிறுத்தை வந்து போயிருந்தால் அடையாளம் தெளிவாக இருக்கும். மாடுகள் எல்லாம் ஒரே திசையில் காதை நிமிர்த்தி நிற்கும், படுத்த தடமே இருக்காது, சாணம் சுற்றிலும் தளர்வாகச் சிதறியிருக்கும், கயிறு இறுகிக் கழுத்து உரசியிருக்கும். தேயிலை மலைகளுக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் நடுவில் நடமாடும் சிறுத்தைக்கு நாயும் கன்றும் எளிதான இரை. ஆகவே காவலுக்கென்று பட்டிக்கு வெளியே நாயைக் கட்டுவது அதை அழைத்து வருவதற்குச் சமம். கன்றை உள்ளே கொண்டு வாருங்கள். தரையிலிருந்து கூரை வரை கம்பிவலை அல்லது நெருக்கமாகப் பலகை அடியுங்கள், கதவுக்குத் தாழ் போடுங்கள். கம்பிச் சுருக்கு வைக்கவே வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பதோடு, பன்றிக்கென்று வைத்த சுருக்கிலும் சிறுத்தைகள் மாட்டிச் செத்திருக்கின்றன. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மிரண்ட மாடுகளுக்கு மூன்று நான்கு நாள் அதே நேரம், அதே ஆள், அதே தீனி என்று எதையும் மாற்றாமல் வைத்தால் சுரப்பு திரும்பும்.

அறிகுறி: தண்ணீரை நக்கி நக்கிக் குடிக்கிறது, தொட்டிக்கு வரத் தயங்குகிறது

மாடு வாயை அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்க வேண்டும். நாக்கால் நக்கி, தலையைச் சட்டென்று இழுத்தால் மின்கசிவைச் சந்தேகியுங்கள். லயக்காம்பராவிலிருந்து பட்டிக்கு இழுத்த பழைய வயர், ஈரத் தரை, இரும்புக் குழாய் மூன்றும் சேர்ந்தால் நமக்குத் தெரியாத அளவு மின்சாரம் மாட்டுக்கு உறைக்கும். ஈரத் தரையில் நான்கு காலும் ஊன்றி, ஈர மூக்கால் இரும்பைத் தொடும் விலங்குக்கு ஒன்றிரண்டு வோல்ற்றே தொந்தரவு. மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் வேறிடத்தில் தண்ணீர் வையுங்கள். நன்றாகக் குடித்தால் சந்தேகம் உறுதியாகும். சரிபார்ப்பதும் திருத்துவதும் மின்சார வேலை தெரிந்தவரின் வேலை, அதுவரை அந்த வயரை இணைக்க வேண்டாம். சின்னக் கறவை இயந்திரம் வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பார்க்க வேண்டும்.

அறிகுறி: வாங்கி வந்த மாடு, சொன்ன பாலில் பாதிகூட இல்லை

விற்றவர் பொய் சொன்னார் என்று முடிவுகட்டுமுன் மடியைப் பாருங்கள். லொறியில் வளைவுப் பாதைகளில் நின்றபடி வந்த மாடு புது இடம், புது ஆள், புது மாடுகள், புதுப் புல் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் சந்திக்கிறது. முதல் சில நாட்கள் சுரப்பு பாதியில் நிற்பது இயல்பு. வந்ததும் தண்ணீர், புல், உலர்ந்த படுக்கை. முதல் கறவையில் கூட்டம் கூட விட வேண்டாம். விற்றவரிடம் நான்கு விஷயங்களைக் கேட்டு வாருங்கள்: எந்தப் பக்கம் உட்கார்ந்து கறந்தார், எத்தனை மணிக்கு, கன்று விட்டா விடாமலா, கறக்கும்போது என்ன தீனி. இரண்டு வாரம் அதையே பின்பற்றி, பிறகு உங்கள் முறைக்கு மெல்ல மாற்றுங்கள்.

பழைய மாடுகள் புதியதை முட்டித் தள்ளி, தொட்டியிலிருந்து விலக்கும். பக்கத்தில் கட்டினால் தலை எட்டாத தூரத்தில் கட்டுங்கள். புண்ணாக்கைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். ஒரே தொட்டியில் இருவருக்கும் போட்டால் அதிகாரி மாடு இரண்டு பங்கையும் தின்னும்.

தலை ஈற்று நாகு கிட்டவே விடவில்லை என்றால்

பழக்கும் வேலை, ஈன்ற பிறகு தொடங்குவதில்லை. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே நாளுக்கொருமுறை முதுகு, வயிறு, தொடை, மடி என்று கையால் பழக்குங்கள். கடைசி இரண்டு மூன்று வாரம் கறக்கும் இடத்தில் கட்டித் தீனி கொடுங்கள். ஈன்றதும் மடி நீர் கோத்து வீங்கி, அழுத்தினால் விரல் பள்ளம் நிற்கும். அந்த வாரத்தில் அது உதைப்பது குணத்தால் வருவதில்லை. வலி. மெதுவாக, அடிக்கடி கறந்து, நடக்க விட்டால் வீக்கம் வடியும்.

கன்று இறந்துபோய்ச் சுரப்பு விடாத மாட்டுக்கு ஒட்சிட்டோசின் ஊசியைச் சிலர் தினமும் போடுகிறார்கள். மிருக வைத்தியர் ஒன்றிரண்டு தடவை போடுவது வேறு. தினமும் போட்டால் மாடு ஊசியில்லாமல் விடவே விடாது, ஊசி குத்தும் வலியும் பயமும் அதோடு சேரும். வெந்நீர்த் துணியால் மடியை ஒரு நிமிடம் ஒத்தி, தீனியை முன்னால் வைத்து, நேரம் தவறாமல் கறப்பதே நிலைக்கும் வழி. கலப்பு மாடுகள் சில நாளில் பழகிவிடும்.

அறிகுறி: மழைக்காலம், மடி துவண்டிருக்கிறது, பால் நாளுக்கு நாள் இறங்குகிறது

இங்கே மாடு பாலை அடக்கவில்லை. உண்டாக்கவில்லை. உலர்ந்த மாடு நம் மலைக் குளிரை எளிதாகத் தாங்கும். உடம்பு நனைந்து காற்றும் அடித்தால் சுமார் 15 பாகை செல்சியஸிலேயே அதற்குக் குளிர் தொடங்கிவிடும். பாலுக்குப் போக வேண்டிய தீனி உடம்புச் சூட்டுக்குப் போகும். காற்று வரும் பக்கத்தில் மாட்டின் முதுகு உயரத்துக்குச் சாக்கோ தகரமோ மறைப்புப் போடுங்கள். மேலே திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் மூத்திர நெடி உள்ளே அடைந்து இருமல் வரும்.

அதைவிடப் பெரிய குறை படுக்கை. ஒரு பசு நாளுக்குப் பத்து முதல் பதினான்கு மணி நேரம் படுக்க வேண்டும். படுத்திருக்கும்போதுதான் மடிக்கு இரத்தம் கூடுதலாகப் பாயும், அசைபோடுதலும் நன்றாக நடக்கும். ஈரமான கருங்கல் தரையும் வழுக்கும் சரிவும் இருந்தால் மாடு படுக்கப் பயப்படும். சோதனை எளிது. இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை கறக்கப் போகுமுன்பும் எட்டிப் பாருங்கள். இரண்டு வேளையும் எல்லாம் நின்றுகொண்டிருந்தால் படுக்கை சரியில்லை. முழங்காலில் ஒரு நிமிடம் மண்டியிட்டுப் பாருங்கள். உங்கள் முழங்கால் நனைந்து வலித்தால் மாட்டுக்கும் அப்படித்தான். ரப்பர் விரிப்பு, அதற்கு மேல் உலர்ந்த மானாப் புல் அல்லது மரத்தூள். ஒரு மாட்டுக்கு நீளம் 1.7 மீற்றருக்கும் அகலம் 1.1 மீற்றருக்கும் குறையாமல் இடம். கழுத்துக் கயிறு, படுத்துக்கொண்டு விலாவை நக்கும் அளவு நீளம். தரையைக் கழுவுவதைக் கறவைக்கு முன் முடித்து, இரவுக்குள் காயவிடுங்கள். குளம்பு வளர்ந்து முதுகை வளைத்து நிற்கும் மாடு எந்தப் படுக்கையிலும் படுக்காது, அதன் குளம்பை வெட்டிவிடுங்கள்.

கண்டி, மாத்தளை, பதுளையின் கீழ்ப் பகுதிகளில் கதை நேர்மாறு. தாழ்ந்த தகரக் கூரைக்குக் கீழே மார்ச், ஏப்ரல் மதியத்தில் விலா அசைவை எண்ணுங்கள். நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் போனால் வெப்ப அயர்ச்சி. கூரைக்கு மேல் கிடுகு, எந்நேரமும் தண்ணீர், அடர்தீவனம் மாலையில்.

அறிகுறி: சாதுவான மாடு திடீரென்று மூர்க்கமாகிறது

ஒரு நாள் மட்டும் கத்தி, நிலைகொள்ளாமல், பால் குறைந்து, பின்னால் கண்ணாடி போல் சளி தொங்கினால் அது சினைப்பருவம். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசிக்கு ஏற்பாடு செய்யுங்கள். சினை பிடிக்காவிட்டால் 18 முதல் 24 நாளில் மீண்டும் வரும். ஈன்ற முதல் ஆறு வாரத்துக்குள் சுவரையும் கம்பியையும் விடாமல் நக்கி, தடுமாறி, மூச்சில் பழுத்த பழம் போன்ற மணம் வந்தால், உடம்புக்குச் சக்தி போதாமல் வரும் கீட்டோசிஸ் நோய். வைத்தியர் வேண்டும்.

எச்சில் ஒழுக, குரல் மாறிக் கத்தி, விழுங்க முடியாமல், ஆளையும் கம்பத்தையும் முட்டினால் விசர் நோயாக இருக்கலாம். நாய் கடித்தது யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கும். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுவதுதான் இங்கே உயிருக்கு ஆபத்தான தவறு. யாரும் கிட்டப் போக வேண்டாம். பாலைக் கறக்கவும் வேண்டாம், முன்பு கறந்து வைத்ததைப் பயன்படுத்தவும் வேண்டாம். மிருக வைத்தியருக்கு உடனே சொல்லுங்கள். எச்சில் கையிலோ புண்ணிலோ பட்டிருந்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி கேளுங்கள்.

எல்லாம் செய்தும் மாறாத மாடு

குணம் ஓரளவு பரம்பரையிலும் வரும். மடி, காம்பு, தரை, மின்சாரம், கறப்பவர் எல்லாம் சரிபார்த்து, ஒரு கறவைக் காலம் முழுவதும் பொறுத்தும் ஆளைக் காயப்படுத்தும் மாட்டை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதன் கிடேரிக் கன்றை வளர்க்குமுன் யோசியுங்கள், அடுத்த சினைக்குச் சாதுவான வர்க்கத்தின் வித்து இருக்கிறதா என்று சினை ஊசி போடுபவரிடம் கேளுங்கள். விற்பதானால் வாங்குபவரிடம் மறைக்க வேண்டாம். எந்தக் காலால் உதைக்கும், எந்தப் பக்கம் உட்கார வேண்டும், யார் கறந்தால் எவ்வளவு தந்தது என்பதைச் சொல்லி, பழகிய கழுத்துக் கயிற்றையும் கறந்த வாளியையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.